டைம் கீப்பர் வீட்டுச் சிவப்புப் பழம்

சில நாள் அவர் யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளே போகமாட்டார். வாசல் கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நிற்பார். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியிருப்பார். "உள்ள வாங்க சார், வெயில்ல நிக்கிறீங்களே" என்றால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"இருங்க. நான் தப்பா ஒண்ணு சொல்லிட்டேன். அதைத் திருத்திட்டு வரேன்."

திருத்திய பிறகுதான் செருப்பு கழலும். அதற்கப்புறம் காபி கொடுத்தாலும் குடிப்பார், மோர் கொடுத்தாலும் குடிப்பார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எது எந்த வழியாகப் போகும் என்று பார்த்துக்கொள்கிற வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் எங்கள் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். எங்கள் ஊரில் சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் ஓடுகிற வரை என் மிஷினும் ஓடும். மிஷின் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய வசதி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். வந்தவர்களிடம் அளவு கேட்பதையே சுருக்கமாகக் கேட்பேன். அதனால், சொன்ன சொல்லைத் திருத்துவதற்காக இன்னொரு முறை போய்ப் பேசுகிற மனிதரைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் பயமும் உண்டு.

அவர் வேலையில் இருந்தபோது நடந்ததை டீக்கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போன ஒரு பெரியவரும் அவர் மகளும் எந்த பஸ் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ஒன்றைக் காட்டி ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த வண்டி அன்றைக்கு மட்டும் திருமானூரோடு திரும்புகிறது. பஸ் போன பிறகுதான் அது இவருக்கு ஞாபகம் வந்தது. பஸ் நேரம் எழுதுகிற நோட்டை ஒரு டிரைவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். திருமானூரில் ஒரு மரத்தடியில் அப்பாவும் மகளும் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இதுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க? நாங்க நாலு பேரைக் கேட்டு வேற பஸ் ஏறிக்க மாட்டமா?" என்றாராம் பெரியவர்.

"ஏறிப்பீங்க. ஆனா நான் சொன்னது தப்பாவேல்ல இருக்கும்?"

வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனதற்கு அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதையும் பத்திரமாக வைத்திருந்தார். "குடுத்தது சரிதான். நான் போனதும் சரிதான்" என்பார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு அவரைக் கிண்டல் செய்யாமல் பொழுது போகாது. "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, தம்பிக்கு வேலை பர்மனெண்ட்டுன்னு அவங்க அண்ணன் எங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாள் காலையில இந்த மனுசன் உடையார்பாளையத்துலேர்ந்து சைக்கிள்ல வந்து நிக்கிறாரு. 'எங்கண்ணன் தப்பாச் சொல்லிட்டாரு, எனக்கு இன்னும் பர்மனெண்ட் ஆகல'ங்கிறாரு. எங்கம்மா வேணாம்னுதான் சொன்னா. எங்கப்பா, இவனுக்குக் குடுக்காம வேற எவனுக்குக் குடுக்கிறதுன்னுட்டாரு. மாட்டிக்கிட்டேன்."

"இப்ப பர்மனெண்ட் ஆயிட்டேன்ல?" என்பார் அவர்.

"எதுல? இந்த ஈசி சேர்லயா?"

கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் தேர் வியாழக்கிழமை என்று முடிதிருத்துகிறவரிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் விடிகாலை மழையில் குடை பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் எழுப்பியிருக்கிறார். முடிதிருத்துகிறவர் கதவைத் திறந்து, "யாரு சார் செத்துப்போயிட்டா?" என்று கேட்டாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன்.

என் மனைவிக்கு இருதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அப்போது என் மகளுக்கு முதல் வரன் பேச்சு வந்திருந்த நேரம். "அம்மாவுக்கு நெஞ்சுல கோளாறுன்னா பொண்ணுக்கும் இருக்கும்பாங்க. என்ன ஆனாலும் வெளியில சொல்லாத" என்று என் மனைவி ஆபரேஷனுக்குப் போகும் முன்பே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்ததும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெருவில் சொன்னோம். நெஞ்சுத் தழும்பு தெரியாமல் கழுத்தை மூடிய ரவிக்கையாகத் தைத்துக்கொண்டாள். அதற்கு மேலும் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள்.

டைம் கீப்பர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். "என்ன சொன்னாங்க தம்பி?" என்று கேட்டார்.

"கர்ப்பப்பைங்க சார். எடுத்தாச்சு" என்றேன். நான் தரையைப் பார்த்துப் பேசுவது வழக்கம் என்பதால் அவருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

அந்த வால்வு உலோகம். அறை அமைதியாக இருந்தால் டிக் டிக் என்று கேட்கும். அவர் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தன் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"உங்க கடியாரம் நின்னுபோச்சு தம்பி."

"ஆமாங்க சார். செல் போடணும்."

"சத்தம் மட்டும் கேக்குது."

என் மனைவி இருமிக்கொண்டே அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்தச் செடி வந்தது. அவர் மருமகள் பெங்களூரிலிருந்து ஒரு பாக்கெட் உலர்ந்த பழம் கொண்டுவந்தாள். திராட்சை வற்றல் மாதிரி, ஆனால் சிவப்பு. கோஜி பெர்ரி என்று பெயர். சீனாப் பக்கத்துப் பழம், கண்ணுக்கு நல்லது என்றாளாம். அவருக்குச் சர்க்கரை இருந்தது, பார்வை மங்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் பழத்தைத் தின்றுகொண்டிருக்க, இவர் நாலு பழத்தை வெந்நீரில் ஊறவைத்து விதையைப் பிரித்து எடுத்தார். பால் கவரில் மண் நிரப்பித் தூவினார். பத்தாம் நாள் எறும்பு தலை தூக்கின மாதிரி பச்சை தெரிந்தது.

எங்கள் மண் சுண்ணாம்பு மண். தோண்டினால் வெள்ளைக் கல் வரும், சில இடத்தில் சங்கு மாதிரி கல்லும் வரும். எலுமிச்சை மஞ்சளாகப் போகும், ரோஜா நிற்காது. இந்தச் செடி நின்றது. அதற்கு இந்த மண் ஒத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் இலை எல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றபோது, செத்துவிட்டது என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னார். ஆடியில் ஒரு மழை பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்தது. அந்த நாலு வீட்டுக்கும் போய், "சாகலைங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாம் வருடம் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூ. கொம்புகள் நீண்டு வளைந்து தரையைத் தொட்டன. தொட்ட இடத்தில் வேர் விட்டது. அதை வெட்டி வெட்டிப் புதுச் செடி எடுத்தார். முள்ளும் ஊதாப் பூவும் இருந்ததால் தெருப் பெண்கள் சீமைத் தூதுவளை என்றார்கள். "அது வேற, இது வேற. ரெண்டும் சொந்தம்தான், ஆனா ஒண்ணு இல்ல" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். அவர்கள் கேட்டுவிட்டு மறுபடியும் சீமைத் தூதுவளை என்பார்கள்.

புரட்டாசியில் பழுத்தது. ஊசி மிளகாய் அளவில், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த பழம். கொண்டைக்குருவிகள் விடியுமுன் வந்துவிடும். அவர் என் கடைக்கு வந்து வெள்ளைக் கான்வாஸ் துணியில் ஒரு விரிப்பு தைத்துக் கேட்டார். நடுவில் செடி நிற்க ஒரு வட்டம், ஓரத்திலிருந்து வட்டம் வரைக்கும் ஒரு திறப்பு.

"எதுக்கு சார்?"

"பழத்துல கை படக் கூடாது தம்பி. கை பட்டுச்சுன்னா காயறப்ப கறுத்துடும். கிளையை உலுக்கணும், அதா விழணும், துணியோட எடுத்துக் காயப் போடணும்."

அப்படித்தான் எடுத்தார். உலுக்கும்போது ஒரு பழம் துணிக்கு வெளியே விழுந்தால் இரண்டு குச்சியால் எடுத்துப் போடுவார். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினான்கு வீட்டுக்குச் செடி கொடுத்தார். பழைய பஸ் கால அட்டவணையின் பின்பக்கம், எந்த வீட்டில் எத்தனை செடி, எப்போது பூத்தது என்று எழுதி வைத்திருந்தார். செடி காய்க்காத வீட்டுக்குத் தன் வீட்டுப் பழத்தைக் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். எங்கள் வீட்டுச் செடி காய்க்கவில்லை.

"தங்கச்சிக்குக் குடுங்க. ஆபரேஷன் ஆன உடம்பு. ராத்திரி ஒரு கை ஊறப்போட்டு, காலையில தண்ணியோட சாப்பிடட்டும்."

என் மனைவி மாத்திரை விஷயத்தில் கவனமானவள். ரத்தம் உறையாமல் இருக்க அவள் ஆயுசுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினால்கூட திருச்சிக்குப் போன் செய்து கேட்பாள். கீரை அளவோடுதான் சாப்பிடுவாள். ஆனால் இது பழம்தானே. பக்கத்து வீட்டில், கண் எதிரே காய்த்த பழம். யாரைக் கேட்பது?

இரண்டு மாதம் சாப்பிட்டாள். முதலில் வளையல் இடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போனது. பிறகு பல் தேய்க்கும்போது ரத்தம். ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூக்கிலிருந்து ஒழுகியது நிற்கவில்லை. திருச்சிக்குக் கொண்டு போனோம். ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப் போயிருக்கிறது, தலைக்குள் கசிந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். புதிதாக என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழத்தைச் சொன்னேன். பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பழமும் இந்த மாத்திரையும் சேரவே கூடாது. யாரு குடுத்தா?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

நாலு நாளில் வீட்டுக்கு வந்தோம். அதற்குள் மகளுக்குப் பெரம்பலூர்ப் பக்கத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம். என் மனைவி பழத்தை நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எந்த மாத்திரை என்று கேட்பார். மாத்திரையைச் சொன்னால் வால்வைச் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு அந்த மனிதர் சும்மா இருப்பாரா? பதினான்கு வீட்டு வாசலிலும் போய் நிற்பாரே.

பத்தொன்பது நாள் அப்படிப் போனது. நடுவில் ஒரு நாள் அவர் இன்னொரு பொட்டலம் கொண்டுவந்தார். வாங்கி, தைக்கிற துணிக்கு அடியில் வைத்தேன்.

இருபதாம் நாள் காலையில் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். டைம் கீப்பர் குடையும் பொட்டலமுமாக என் கடையைத் தாண்டிப் போனார். எதிர்ச்சாரியில் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர் வீடு. அவர் பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்தவர். அவரும் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை போடுகிறவர். அது தெருவுக்கே தெரியும். டைம் கீப்பர் அந்த வீட்டுக் கேட்டில் கை வைத்தார்.

நான் எழுந்து ஓடினேன். துணி காலில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது.

"சார், அதைக் குடுக்காதீங்க."

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் காதில் விழவில்லை. "என்ன தம்பி?"

"அதைக் குடுக்காதீங்க!" அவ்வளவு சத்தமாகப் பேசி எனக்கே பழக்கம் இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, மாத்திரை, மூக்கில் வந்த ரத்தம். கர்ப்பப்பை என்று சொன்னது பொய் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

அவர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லைங்க சார்."

"அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். நின்ன கடியாரத்துல சத்தம் வருமா?" சிறிது நேரம் ரோட்டில் படிந்த வெள்ளைத் தூசியைப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கல்யாணம் தையிலதானே?"

"ஆமாங்க சார்."

"சரி."

அவர் லைன்மேன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். இந்தப் பழம் எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னேன், அப்படி இல்ல. ரத்தம் உறையாம மாத்திரை போடுறவங்க தொடவே கூடாது. வேற மாத்திரை எது போட்டாலும் டாக்டரைக் கேக்காம சாப்பிடாதீங்க."

லைன்மேன் மனைவி கையில் துடைப்பத்தோடு வந்தாள். "யாருக்கு சார் என்ன ஆச்சு? யாராச்சும் சாப்பிட்டு எதுனா ஆயிடுச்சா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத்தான்" என்றார் அவர். "பல்லுல ரத்தம் வந்துச்சு."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் போகவில்லை. எனக்குத் தெரிந்து, திருத்திய பிறகும் அவர் செருப்பைக் கழற்றாமல் திரும்பியது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு மற்ற எல்லா வீட்டுக்கும் போனார். எல்லா வீட்டிலும் அதே கேள்வி வந்தது, அதே பதிலைச் சொன்னார். சாயங்காலம் அக்காவின் காதுக்கும் அது போய்விட்டது. "எங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டீங்களா?" என்று அக்கா கேட்டதற்கும், "ஆமா, நீ பயந்துடுவேன்னு சொல்லல" என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் நடந்தது. அவர் வந்தார், சாப்பிட்டார், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை பஸ்ஸில் ஏற்றிவிடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஆனால் பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. டீக்கடையில், "பல்லு எப்படி இருக்கு டைம் கீப்பர்?" என்று யாராவது கேட்பார்கள். அவர் ஒரு மிடறு விழுங்கி, "இப்ப பரவால்ல" என்பார். கொஞ்ச நாளில் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மிஷினை நிறுத்தினேன்.

"தம்பி, அது ஒண்ணு பாக்கி நிக்குது. அதைத் திருத்தணும். எப்பன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் போகமாட்டேன்."

"பாப்பாவுக்கு வளைகாப்பு முடியட்டும் சார்" என்றேன்.

வளைகாப்பு முடிந்தது. மறுபடி வந்தார். கேட்கவில்லை, உட்கார்ந்திருந்தார். "புள்ள பொறக்கட்டும் சார்" என்றேன். பேரன் பிறந்தான். பெயர் வைத்தோம். அவன் குப்புறவும் விழுந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் கடைப் பக்கம் வந்தால் நான் மிஷினை நிறுத்துவதில்லை.

ஆடி மாதம் ஒரு காலை, இட்லி சாப்பிட்டுவிட்டு ஈசி சேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தெரு அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தச் செடிதான் கொன்னுடுச்சு. அவரே சொன்னாரே, பல்லுல ரத்தம் வந்துச்சுன்னு. உள்ள என்னென்ன பண்ணுச்சோ." துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் இதையே சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினான். செடிகள் அந்த மழையில் புதுத் துளிராக நின்றன.

நான் கூடத்தின் மூலையில், ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரில் சாய்ந்து, யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"பல்லுல ரத்தம் வந்த மனுசன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் பாட்டுக்கு முறுக்கு சுட்டுச் சுட்டுக் குடுத்தேன். கடிக்கிறப்ப என்னா வலி வலிச்சிருக்கும். சிரிச்சிக்கிட்டே தின்னாரே. பக்கத்துலயே இருந்து எனக்குத் தெரியலையே."

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தேன். பிறகு அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, அவருக்கு ரத்தம் வரல."

"என்னப்பா சொல்ற?"

"அவருக்கு ஒரு நாளும் வரல. வந்தது என் வூட்டுக்காரிக்கு. அவளுக்கு நெஞ்சுல வால்வு வச்சிருக்கு. கர்ப்பப்பைன்னு நான் பொய் சொன்னேன். என் பொண்ணு கல்யாணத்துக்காக அவரு அதைத் தனக்குன்னு சொல்லிட்டாரு. திருத்தணும்னு ரெண்டு தடவ வந்தாரு. நான்தான் தள்ளிப் போட்டேன்."

கொல்லைக் கதவருகே மகன் அரிவாளோடு நின்றுவிட்டான். அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப முறுக்கு வலிக்கல அவருக்கு?"

"வலிச்சிருக்காதுக்கா."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதார். பதினாறு நாளும் அழுத அழுகை மாதிரி அது இல்லை. அழுது முடித்த பிறகு மகனைப் பார்த்து, "அதைக் கீழ வை" என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவர் என்னிடம் முன்பு போலப் பேசுவதில்லை. ஆனால் நான் கிளம்பும்போது, அலமாரியிலிருந்து அந்தக் கால அட்டவணை அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பின்பக்கத்தில் அவர் கையெழுத்து. எங்கள் வீட்டுக்கு நேரே, "ஒரு செடி. காய்க்கவில்லை" என்று எழுதியிருந்தது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். என் வீட்டைத் தவிர்த்து மீதி பதின்மூன்று. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர், "பெரிய அரிச்சந்திரன் வந்துட்டாரு, செத்த பொறவு" என்றார். அது சரிதான் என்று நின்றேன். லைன்மேன் மட்டும் கோணிய வாயால் சிரமப்பட்டு, "அன்னைக்கு ஓடி வந்தீல்ல" என்றார்.

அட்டையில் எழுதாத வீடு ஒன்று பாக்கி இருந்தது. மகளுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை வீட்டில் சொல்லப்போகிறேன் என்றதும் அவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். பிறகு, "அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியலப்பா. நான் வீட்டுல இருக்கறப்பவே வந்து சொல்லுங்க" என்றாள்.

என் மனைவியிடம் கேட்டேன். அவள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டே, "சொல்லிட்டு வா. இதை இழுத்து இழுத்து எனக்கும் கை வலிக்குது" என்றாள்.

பெரம்பலூரில் இறங்கி, ஊருக்குள் நடந்து போனேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் சின்ன வெங்காயத்தைப் பரப்பியிருந்தார்கள். சம்பந்தியம்மா இரண்டு பெண்களோடு உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி. வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க" என்றார் சம்பந்தியம்மா.

நான் செருப்பைக் கழற்றவில்லை.

"இருங்க. நான் உங்ககிட்ட தப்பா ஒண்ணு சொல்லியிருக்கேன். அதைத் திருத்திட்டு வரேன்."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். மற்ற இரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன்.